இடது காதின் அளவு

அன்று பகலில் வீட்டில் இருந்தவர்கள்: அத்தான், அவருடைய அம்மா, என் அக்கா, நான். அத்தான் கூடத்தில் இருந்தார். அவருடைய அம்மா காதுக் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தன் அறையில் படுத்திருந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். நான் என் அறையில் இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை நீங்கள் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன் இன்ஸ்பெக்டர் மேடம். அதில் ஆட்கள் மட்டும் சரி.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். எனக்கு முதல் என்பது காதடைப்பான்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செருப்பு வாங்கும்போது காலை நுழைத்து நாலு அடி நடந்து பார்க்கிறோம். காதடைப்பானை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெரிதாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று நினைக்கிறோம். பெரிதாக இருந்தால் வலிக்கும், வலித்தால் கழற்றிப் பையில் போடுவோம், பையில் கிடக்கும் அடைப்பான் எதையும் அடைக்காது. இன்னொன்று. ஒரே ஆளுக்கு இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. பாதிப் பேருக்கு ஒரு காது கொஞ்சம் குறுகல்தான். அது யாருக்கும் தெரிவதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் ஆலையில் அதுதான் என் வேலையின் பாதி.

எங்கள் ஆலை ஆணி செய்கிற ஆலை. கம்பிச் சுருள் ஒரு பக்கம் உள்ளே போகும். மெஷின் அதை நறுக்கி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் அடித்துத் தலை வைக்கும். மூச்சு விடுகிற நேரத்தில் கைப்பிடி ஆணி விழும். அப்படி வரிசையாக மெஷின்கள். அங்கே சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வீட்டுக்குப் போய்க் கத்திப் பேசுவார்கள். பழைய ஆட்கள் எங்கே போனாலும் கத்தித்தான் பேசுவார்கள்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தவன் நான். அத்தான் அந்த ஆலையில் இரவு ஷிஃப்ட்டுக்கு சூப்பர்வைசர். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. என்னிடம் அவர் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிடுவார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலையில் அட்டைப்பெட்டி நிறைய ஒரே அளவில் அடைப்பான்கள் கிடந்தன. எல்லாரும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் மேனேஜர் பதறி, படித்த பையன் எவனாவது இதைக் கவனி என்றார். பாதி படித்தவன் நான்தான் கிடைத்தேன். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. எதையாவது முழுதாகச் செய்தது அதுதான். கிடைத்த வகையையெல்லாம் வரவழைத்து நானே ஒவ்வொன்றையும் போட்டு வேலை செய்தேன், போட்டுக்கொண்டு தூங்கினேன். ரப்பரில் குடை குடையாக மூன்று அடுக்கு வைத்தது ஒன்று உண்டு. கழுவிக் கழுவிப் போடலாம், ஆனால் அரிக்கும். மெழுகு உருண்டை காதோடு ஒட்டிக்கொள்ளும், வெயில் நாளில் இளகும். தலைக்கு மேல் வளைத்துப் போடுவது வேர்க்கும். ஸ்பாஞ்சில் செய்ததுதான் நல்லது. அதையும் போடத் தெரிந்து போட வேண்டும். விரலில் வைத்து ஊசி மாதிரி உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும். அப்போது உள்ளே வழி நேராகும். செருகி, அது விரிந்து பருக்கும்வரை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் வெளியே வந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் காதைப் பார்த்துத்தான் கொடுப்பேன். வலதுக்கு ஒரு அளவு, இடதுக்கு ஒரு அளவு என்று கலந்து கொடுப்பதும் உண்டு. நல்ல அடைப்பானுக்கு ஒரே அடையாளம், போட்டிருப்பதே மறந்துபோக வேண்டும். காது டாக்டர் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. பாக்கிங்கில் ஒரு அம்மா வந்து கேட்பார்.

"டாக்டரே, எம் புருஷன் குறட்டைக்கு ஒண்ணு குடு."

"அவருக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான். அவருக்கு மூக்குல வைக்கிற மாதிரி இருந்தா அதையும் குடு."

புதிய ஆட்களுக்கு வகுப்பு எடுப்பதும் நான்தான். அதில் கடைசியாக எப்போதும் ஒன்று சொல்வேன். இது மெஷின் சத்தத்தைத்தான் குறைக்கும், ஆள் கூப்பிட்டால் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஒன்று அளவு தப்பு, இல்லை கேட்க மனசில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அதைக் கடைசியில் வைத்திருந்தேன்.

கூப்பிட்டால் கேட்கும் என்றாலும் அங்கே யாரும் தொண்டையை நம்புவதில்லை. கையால் பேசுவோம். ஆலையில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு புரியும். இரண்டை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். காது மடலைப் பிடித்து இழுத்தால், அடைப்பானை எடு, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று அர்த்தம். மூடிய கையைத் தலைக்கு மேல் தூக்கினால், நிறுத்து. அதை யார் தூக்கினாலும் சரி, மேனேஜர் தூக்கினாலும் கூட்டுகிறவர் தூக்கினாலும், பார்த்த ஆள் பக்கத்திலிருக்கும் சிவப்புக் குமிழை அடிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் அடி, பிறகு கேள். நான் ஒருநாளும் பிந்தியதில்லை.

அக்காவுக்கும் இந்தப் பேச்சு தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அங்கே பாக்கிங்கில் இருந்தவள்தான். அத்தான் அவளைப் பார்த்ததே அங்கேதான்.

வீட்டுக்கு வருகிறேன்.

மாடியில் வீடு. தெருவிலிருந்து ஏறுவதற்குச் செங்குத்தாகப் படி. மேலே கூடம், சமையலறை, மூன்று அறை. என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரவு வேலை செய்கிறவனுக்குப் பகல்தான் தூக்கம். தெருவில் வண்டிச் சத்தம், கீழ்க்கடையில் ஷட்டர் சத்தம். அதற்காகத்தான் வீட்டுக்கும் அடைப்பான் எடுத்துவந்தேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

அத்தான் அக்காவை அடிப்பார். இதை உங்களிடம் முதல் தடவை நான் சொல்லவில்லை. அவருக்கும் பகல்தான் ஓய்வு. ஆகவே எல்லாம் பகலில்தான் நடக்கும், வெளிச்சத்தில். அவர் ஆரம்பிப்பதற்கு முன் அவருடைய அம்மா காதுக் கருவியைக் கழற்றி அலமாரியில் வைப்பார். அந்த அம்மாவை நான் கேவலமாக நினைத்துக்கொள்வேன். பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்க முடியாதா என்று நினைத்துக்கொண்டே என் அறைக்குப் போய் ஸ்பாஞ்சை உருட்டுவேன்.

வீட்டுக்கு நான் எடுத்துவந்தது ஆலையில் கொடுக்கிற வகை இல்லை. அது ஆள் குரலை விட்டுவிடும். இருப்பதிலேயே கனமானது எது என்று தேடி எடுத்தேன். பக்கவாட்டில் படுத்தால் அது காதைக் குத்தியது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை பிளேடால் வெட்டிச் சரிசெய்தேன். அப்படியும் ஒரு குறை இருந்தது. பேச்சும் அழுகையும் காது வழியாக வரும், அதை அடைக்கலாம். சுவரில் மோதுகிற சத்தம் காது வழியாக வருவதில்லை. கட்டில் வழியாக எலும்புக்குள் வரும். அதற்கு எந்த அடைப்பானும் உதவாது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அதன் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரே ஒரு தடவை கேட்டேன். ஆலை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "என்ன அத்தான், வீட்ல சத்தமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அவர் சிரித்தார். "உங்கக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் மாப்ள. சத்தமாச் சொன்னாத்தான் ஏறும். உனக்குத் தெரியாததா, நீதான் டாக்டராச்சே."

நானும் சிரித்தேன். டீக்கு அவர்தான் கொடுத்தார்.

பிறகு அவளுக்கு உண்மையிலேயே மந்தமானது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அத்தான் வலதுகைக்காரர். எதிரில் நிற்பவளை அறைந்தால் இடது காதில்தான் விழும். இதை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, பார்த்ததும் தெரிந்தது. ஆலையில் இத்தனை காது பார்த்தவனுக்கு இது தெரியாதா.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது என் அறைக்கு வந்தாள்.

"எனக்கும் ஒரு ஜோடி குடுடா."

"எதுக்குக்கா? தெருச் சத்தமா?"

"ஆமா, தெருச் சத்தம்" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடி கொஞ்ச நேரம் வலிக்கும், போயிடும். அந்தாள் பேசற பேச்சு போகமாட்டேங்குதுடா. உள்ளயே கெடந்து திரும்பத் திரும்பப் பேசுது" என்றாள்.

நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். வலது காதுக்கு நடுத்தர அளவு சரியாகப் பொருந்தியது. இடது காதில் நுனியை வைத்ததுமே தோளைக் குறுக்கிக்கொண்டாள். வெளியே எடுத்தேன். ஸ்பாஞ்சின் நுனி ஈரமாக, மஞ்சளாக இருந்தது. என் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அளவு கொஞ்சம் பெருசு, சின்னது இருக்கு, அதைப் பார்க்கலாம்" என்றேன்.

"இந்தப் பக்கம் வேண்டாம்டா" என்றாள். "இதை உங்க அத்தான் ஏற்கனவே அடைச்சிட்டார்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாங்கள் சின்ன வயதிலிருந்தே அப்படி, எதையும் சிரித்துத்தான் கடப்போம்.

"டாக்டர்கிட்ட காட்டுக்கா."

"காட்டினா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது மேடம். காட்டச் சொன்னேன், அவள்தான் மறுத்தாள் என்று ஆகிவிட்டது இல்லையா. வெட்கம் என்று ஒன்றை இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு படுகிறேனே, அதை அன்றைக்கே பட்டிருக்கலாம். அன்றைக்கும் வந்தது. வந்து வாசலில் நின்றது. நான் உள்ளே விடவில்லை.

அதன் பிறகு அவள் வலது காதில் மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்தாள். தலைமுடியை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வாள். அத்தானுக்குத் தெரியாது. அவர் பேச ஆரம்பித்தால் வாயைப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வாள், ஆலைப் பழக்கம். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. "ரொம்ப சௌகரியமா இருக்குடா, போட்டிருக்கறதே மறந்துடுது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

ஷிஃப்ட் முடிகிற நேரம், ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது. மெஷின் பக்கம் பெட்டி எடுக்க வந்த பாக்கிங் பெண் ஒருத்தியின் சட்டைக் கையைக் கம்பிச் சுருள் பிடித்துக்கொண்டது. குறட்டை விடுகிற புருஷனைக் கட்டிய அதே அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மூடிய கையைத் தூக்கினார். நான் குமிழை அடித்தேன். என்ன ஏது என்று தெரிவதற்கு முன்பே அடித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சட்டைதான் போனது, கை தப்பியது. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். ஆனால் அப்படித் திடீரென்று நிறுத்தியதில் வரிசை முழுவதும் கம்பி சிக்கிக்கொண்டது. பகல் ஷிஃப்ட்டுக்கு அரைநாள் வேலை போய்விட்டது. மேனேஜர் வந்து எல்லார் முன்னாலும் அத்தானைத்தான் கேட்டார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்கு அவருடைய பைக்கில்தான் வருவோம், நான் பின்னால். அவர் முகம் எனக்குத் தெரியாது, கழுத்துதான் தெரியும். கழுத்தைப் பார்த்தே எனக்கு அன்றைய பகல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியும். அன்று கழுத்து சிவந்து விறைத்திருந்தது. வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "நல்ல காரியம் பண்ணினே மாப்ள, ஒரு பொம்பள கை தப்பிச்சுது." சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது.

அக்கா சாப்பாடு போட்டாள். அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கைகழுவிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு எதிரில் நின்று காது மடலைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் அந்தக் கழுத்தைப் படிக்கத் தெரியும். நான் தட்டைப் பார்த்தேன். அவள் மறுபடியும் இழுத்தாள். நான் பார்க்காத மாதிரி தண்ணீர் குடித்தேன். "தூக்கம் வருதுக்கா" என்று எழுந்தேன். கருவி அலமாரியில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

படுத்துக்கொண்டு ஸ்பாஞ்சை உருட்டினேன். உருட்டிய பிறகு உடனே செருக வேண்டும், இல்லாவிட்டால் விரலிலேயே பருத்துவிடும். அன்று செருகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அத்தான் கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் இல்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும். வலது காதில் நான் கொடுத்தது இருக்கிறது, இடது காது இல்லை, அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாள், போட்டிருப்பதை மறந்துவிட்டாள். எழுந்துபோய், அவளுக்குக் கேக்கல அத்தான், காதுல ப்ளக் இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் கொடுத்தது என்று கேட்பார். ஸ்பாஞ்சு விரலில் பருத்தது. மறுபடி உருட்டினேன். மூன்றாவது கூப்பாட்டுக்குப் பிறகு நாற்காலி நகர்ந்த சத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததில் கடைசியை முதலில் சொல்கிறேன். அதுதான் நீங்கள் கேட்டது.

அத்தான் என் அறைக்கதவைத் தட்டினார். மாப்ள வா, விழுந்துட்டா என்றார். போய்ப் பார்த்தேன். அக்கா படியின் அடியில் கிடந்தாள், தெருக்கதவுக்கு உள்பக்கம். கதவு சாத்தியிருந்தது, வெளியே யாருக்கும் தெரியாது. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்திலும் பார்த்தேன். போய்விட்டாள். அத்தான் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். குரல் நடுங்கவில்லை.

"இவ்வளவு நாளா காதுல என்னவோ வெச்சிக்கிட்டிருந்திருக்கா மாப்ள. நீ குடுத்ததுதானே?"

"ஆமா அத்தான்."

"படி ஈரமா இருக்கு, பாத்துப் போன்னு நான் கத்தினேன். அவளுக்குக் கேக்கல. கேட்டிருக்காது இல்ல?"

நான் அவள் காதைப் பார்த்தேன்.

"இப்ப காதுல இல்லையே. எங்க அது?"

"என் ரூம்ல இருக்கு."

"எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் கழற்றி வைத்த ஒன்று ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும் என் மற்றக் கை தானாக டப்பாவைத் திறந்தது. நான் யாருக்கும் ஒற்றையாகக் கொடுத்ததில்லை. ஜோடி என்றால் இரண்டு. அது எத்தனையோ நாள் பழக்கம். டப்பாவில் தேடினேன். இடது காதுக்கு நடுத்தரம் பெரிதாக இருக்கும், அன்றைக்கே பார்த்தது. ஆகவே சின்ன அளவில் ஒன்று எடுத்தேன். வலிக்கக் கூடாது என்று எடுத்தேன்.

படியில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வலதுபக்கம் முதலில். உருட்டி, காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்து, செருகி, பருக்கும்வரை விரலை எடுக்காமல் இருந்தேன். பிறகு இடதுபக்கம். அதையும் அப்படியே செய்தேன். அவள் தோளைக் குறுக்கவில்லை. இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. அதன் பிறகுதான் அத்தான் தெருக்கதவைத் திறந்து ஆட்களைக் கூப்பிட்டார்.

எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது. அடைப்பான் போட்டிருந்தாள், எச்சரித்தது கேட்கவில்லை, ஈரப்படியில் வழுக்கினாள். தம்பியும் அடைப்பான் போட்டிருந்தான், அவனுக்கும் எதுவும் கேட்கவில்லை. மாமியார் பாவம், காது கேட்காதவர். வீடு முழுக்கக் காது கேட்காதவர்கள். வந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ கொடுத்தது நல்லதுக்குத்தானே, உன்னையே நீ குற்றம் சொல்லிக்கொள்ளாதே என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு வேலைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். ஒரு பெண், "இதைப் போட்டா யாராவது கூப்பிட்டா கேக்குமாண்ணா?" என்று கேட்டாள். வாய் பழக்கத்தில், கேட்கும், கேட்கவில்லை என்றால் ஒன்று அளவு தப்பு, என்று ஆரம்பித்துவிட்டது. மீதியைச் சொல்ல முடியவில்லை. கடைசி வாக்கியம் வரவில்லையே என்று பழைய ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய் நின்றேன். அத்தான் பின்னாலேயே வந்து தண்ணீர் கொடுத்தார்.

அந்த வாரம்தான் நீங்கள் கூப்பிட்டு அனுப்பினீர்கள். உடலைப் பார்த்த டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னீர்கள். இடது காதில் சவ்வு கிழிந்து பல நாள் சீழ் பிடித்திருந்தது. அப்படி ஒரு காதில் இவ்வளவு ஆழமாக யாரும் தனக்குத் தானே எதையும் செருகிக்கொள்ள மாட்டார்கள், உயிர் போகிற வலி. அதோடு இரண்டும் ஒரே அளவு இல்லை. இரண்டையும் சின்னக் கவரில் போட்டு மேசைமேல் வைத்தீர்கள். ஒரு ஜோடியில் எப்படி இரண்டு அளவு என்று கேட்டீர்கள்.

கடையில் அப்படி விற்பதில்லை மேடம். அப்படி எடுத்துக் கொடுக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஆலையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வேலையை ஒழுங்காகச் செய்ததால் மாட்டிக்கொண்டேன் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்படுகிறேன்.

கீழே நடந்ததற்கு அத்தான்தான் பொறுப்பு. அவர் தள்ளினாரா, இழுபறியில் விழுந்தாளா, நான் பார்க்கவில்லை. ஆனால் ஈரம் இல்லை. படி காய்ந்திருந்தது, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தபோது என் உடுப்பு நனையவில்லை. எச்சரித்துக் கத்தவும் இல்லை. ஒரு குரலும் கேட்கவில்லை, காலடிதான் கேட்டது, பிறகு விழுந்த சத்தம். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

அடைப்பானை நான் செருகவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கழற்றிய அடைப்பான் என் ஜன்னலுக்கு எப்படி வந்தது என்பதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிடுவீர்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன்.

நாற்காலி நகர்ந்த பிறகு ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அக்கா ஓடிவந்து என் அறைக்குள் நுழைந்தாள். முடி கலைந்திருந்தது, வலது காதில் இருந்தது வெளியே தெரிந்தது. "தாப்பாள் போடுடா" என்றாள். போட்டேன். அவள் வலது காதிலிருந்ததைப் பிடுங்கி ஜன்னலில் வைத்தாள், அவர் வருகிறாரா என்று கேட்பதற்கு. கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் சுவரை ஒட்டி இல்லாமல் தள்ளிக் கிடந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அத்தான் வந்து மெதுவாகத் தட்டினார். அவர் உடைக்கவில்லை, மேடம், மிரட்டவும் இல்லை. "மாப்ள, தூங்கறியா? அவளைக் கொஞ்சம் வெளிய அனுப்பேன். பேசணும். நீ படுத்துக்கோ, ராத்திரி வேலைக்குப் போகணும்ல."

அக்கா குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். வேண்டாம் என்றாள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. இவள் இங்கேயே இருந்தால் இன்று தூக்கம் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் பைக்கின் பின்னால் எப்படி உட்காருவது என்று நினைத்தேன். இந்த அறை போனால் வேறு அறை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அத்தனையும் சின்னச் சின்ன விஷயங்கள். அக்காவைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

"போய்ப் பேசிட்டு வாக்கா" என்றேன். "கொஞ்ச நேரத்துல சரியாயிடுவார்."

அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தேன். அத்தான் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் படிப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். பாதி தூரத்தில் அவள் திரும்பினாள். வலது கை சும்மா இருந்தது. அதை மூடித் தலைக்கு மேல் தூக்கினாள்.

அந்தக் கையைப் பார்த்தால் நான் யோசிப்பதில்லை என்று முன்பே சொன்னேன். அன்று காலையிலும் யோசிக்கவில்லை. அப்போதும் என் கை யோசிக்காமல் கதவுக்குப் போனது.

கை என்று சொல்வது தப்பு. நான்தான். அவள் இன்னும் தூக்கிய கையை இறக்கவில்லை. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.